கியர் விழாத வண்டி

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி என்னும் அடிவாரத்து ஊரிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் வேகம் ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறைந்து, இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்கி, திரும்பி நிமிர்ந்தவுடன் மறுபடியும் இரண்டாவதுக்கு ஏறவேண்டியிருப்பதால், சமவெளியில் ஒரு மாதம் ஓட்டினாலும் வெளிப்படாமல் ஒளிந்திருக்கும் கோளாறெல்லாம் அந்தப் பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் பிரத்தியட்சமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் அங்கே சென்றபோது, ஏறத்தாழப் பாதி வளைவுகளைக் கடந்திருந்த சமயத்தில், என்னுடைய பழைய கார் முதல் கியரை ஏற்க மறுத்துவிட்டது. கிளட்சை அடிவரைக்கும் மிதித்துக்கொண்டு லிவரைத் தள்ளினால், கெட்டியான ரப்பர் சுவரில் முட்டியதுபோல அது திரும்பி வந்தது. இன்னும் அழுத்தினால் உள்ளேயிருந்து நறநறவென்று பல்லைக் கடிக்கும் ஓசை எழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்க, பதற்றத்தில் நான் கிளட்சை இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தேன். அடுத்த முறை கியர் ஒன்றுமே நடவாததுபோல் விழுந்தது. அந்த இரண்டு மூன்று மிதிகளிலேயே கோளாறின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மலையிலிருந்து இறங்கியதும் போன முதல் பட்டறையில், வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு மனம் சோர்ந்த கார் உடைமையாளர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர் இருப்பார்கள். இறக்குவதென்றால் சாதாரணக் காரியமன்று: வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கர அச்சுகளைக் கழற்றி, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு மனிதன் தனியே தூக்கச் சிரமப்படும் பாரத்தைக் கீழே கொண்டுவர வேண்டும், கூலியும் நாளும் அதில் கரையும். அத்தனைக்கும் பிறகு திறந்து பார்த்தால் உள்ளே யாதொரு குறையும் இல்லாமலிருப்பதும் உண்டு. கியர் கடினமாக விழுகிறது என்றவுடன் குற்றத்தைக் கியர் பாக்ஸின் தலையில் சுமத்துவது, கதவு திறக்கவில்லை என்பதற்காகச் சாவியைப் பார்க்காமல் சுவரை இடிப்பது போன்றது என்றே நான் இப்போது கருதுகிறேன். இந்த அபிப்பிராயத்தை எனக்கு உண்டாக்கியவர், லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், வாழ்நாளில் பெரும்பகுதியை லாரிகளுக்கு அடியிலேயே கழித்த ஒரு பெரியவர்.

அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் என்னைக் கேள்வி கேட்டார். எல்லாக் கியரும் இப்படியா, ஒன்று மட்டுமா? காலையில் அதிகமா, சூடான பின் அதிகமா? நின்றிருக்கும்போதா, ஓடும்போதா? ரிவர்ஸ் போட்டால் கத்துகிறதா? இவற்றுக்கெல்லாம் என்னால் இயன்ற பதிலைச் சொன்ன பிறகு, "வண்டியை ஆஃப் பண்ணுங்க சார், இப்பப் போட்டுப் பாருங்க, விழுதுங்களா?" என்றார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, ரிவர்ஸ் எல்லாமே இரண்டு விரலால் தள்ளினால் விழுந்தன. மறுபடியும் எஞ்சினை ஓடவிட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டு போட்டபோது பழைய முரண்டு திரும்பி வந்தது. "பாக்ஸ் நல்லாத்தானுங்க இருக்குது. கிளட்ச் முழுசா விடலை" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டார்ச் விளக்கை எடுத்தார்.

ஒரு பைசாச் செலவில்லாத அந்தப் பரீட்சையின் சூட்சுமம் விளங்க வேண்டுமானால், கியர் பாக்ஸுக்குள் நடப்பது என்னவென்று சிறிது பார்க்க வேண்டும். கியர் மாற்றுவதென்றால் ஒரு பல்சக்கரம் விலகி வேறொரு பல்சக்கரம் வந்து கோத்துக்கொள்கிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 1890களில், பிரெஞ்சு நாட்டுப் பான்ஹார்ட் லெவாஸர் வண்டிகளின் காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஓட்டுகிறவர் சுழலும் இரண்டு சக்கரங்களை ஒன்றின்மேலொன்று தள்ளிக் கோக்க வேண்டும், தவறினால் பல் உடையும். இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் சக்கரங்களெல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றுகின்றன. அவற்றுள் எது தன் தண்டோடு பிணைக்கப்படுகிறதோ அதுவே வேலை செய்யும் கியர். பிணைக்கும் வேலையைச் செய்வது ஸ்லீவ் என்னும் ஓர் உருளை வளையம். நாம் கையால் லிவரைத் தள்ளும்போது உள்ளே இரண்டு கவர் கொண்ட ஒரு ஃபோர்க் அந்த ஸ்லீவைத் தள்ள, அது சக்கரத்தின் பக்கத்திலுள்ள சிறு பற்களைப் பற்றிக்கொள்கிறது.

ஆனால் பற்ற வேண்டிய இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றனவே. இரண்டாவது கியரின் விகிதம் 1.9 என்றும் மூன்றாவதன் விகிதம் 1.3 என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் தருணத்தில் நாம் கியரை மாற்றினால், அதே வண்டி வேகத்துக்கு மூன்றாவதில் வேண்டியது ஏறத்தாழ 2050 சுற்றுத்தான். மிச்சமுள்ள 950 சுற்றின் வேற்றுமையை ஒரு கணத்துக்குள் கரைத்துவிட்ட பிறகே ஸ்லீவ் ஓசையின்றி உள்ளே போக முடியும். அந்தக் கணத்து வேலையைச் செய்வதற்கென்றே கியருக்கும் ஸ்லீவுக்கும் நடுவே சின்க்ரோ ரிங் என்ற ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. கூம்பு வடிவான அதன் உட்புறம் சக்கரத்தின் கூம்பின்மேல் அழுந்தி உராய்ந்து, வேகத்தைச் சமப்படுத்துகிறது. சமமாகும் வரையில் அதன் பற்கள் குறுக்கே நின்று ஸ்லீவை மறிக்கின்றன, சமமானதும் வழிவிடுகின்றன. ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் முதலில் அதன் கூடவே ஓடி, வேகம் ஒத்துப்போன பிறகு படியில் கால் வைப்பதைப் போன்ற காரியம் இது. லிவரைத் தள்ளும்போது நடுவில் ஒரு நொடி தயங்கிப் பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போவதுபோல் கைக்குத் தெரிகிறதே, அந்தத் தயக்கந்தான் சின்க்ரோ வேலை செய்யும் நேரம்.

இந்த ஏற்பாட்டை ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர் கண்டுபிடிக்க, 1928இல் காடிலாக் கம்பெனி தன் கார்களில் முதன்முதல் பொருத்தி விற்றது. அது எல்லாக் கியர்களுக்கும் பரவ வெகுகாலம் பிடித்தது. 1950களின் இறுதியிலிருந்து நம் சாலைகளை ஆண்ட அம்பாஸடரில், ஸ்டீயரிங் கம்பத்தோடு ஒட்டியிருந்த லிவரைக் கொண்டு போடும் நான்கு கியர்களில் முதல் கியருக்கு மட்டும் சின்க்ரோ கிடையாது. ஆகையால் அக்காலத்து டிரைவர்கள், ஓடும் வண்டியில் முதல் கியருக்கு இறங்க நேர்ந்தால், கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு எஞ்சினின் வேகத்தை ஏற்றி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கியரைப் போடுவார்கள். டபுள் கிளட்ச் என்று அவர்கள் சொன்ன இந்தக் கலை இன்று மறைந்துவருவது எனக்கு வருத்தந்தான். ஏனென்றால் நோயைக் கண்டுபிடிப்பதிலும் அது எவ்வளவு உதவுமென்பதைப் பின்னால் சொல்லப்போகிறேன்.

இப்போது கிளட்சின் பங்கைக் கவனிக்கலாம். சின்க்ரோ வளையம் மெலிந்த உருப்படி. கிளட்ச் பிளேட்டையும் அதனோடு சேர்ந்த தண்டையும் அடக்கி நிறுத்தவோ வேகப்படுத்தவோ மட்டுமே அதற்குச் சக்தி உண்டு. கிளட்ச் முழுவதும் விடுபடாமல் எங்கேயோ கொஞ்சம் உரசிக்கொண்டிருந்தால், அந்தத் தண்டை எஞ்சினே இழுத்துக்கொண்டிருக்கும். பஸ்ஸோடு ஓடுகிறவனின் மேல்துண்டை இன்னொருவன் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் அவன் எவ்வாறு ஏறுவான்? எஞ்சினை நிறுத்தியதும் இழுப்பவன் போய்விடுகிறான், கியர் சுலபமாக விழுகிறது. எஞ்சின் நிற்கும்போது இலகு, ஓடும்போது கடினம் என்றால் சந்தேகம் கிளட்சின் மேலேயே விழ வேண்டும் என்பதற்கு இதுவே நியாயம்.

இதை உறுதிப்படுத்த வேறு பரீட்சைகளும் உண்டு. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. ஆகவே எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்து, உள்ளே சுற்றும் தண்டு தானாக ஓய்வதற்கு நான்கைந்து விநாடி விட்டு ரிவர்ஸ் போட்டால் ஓசையின்றி விழ வேண்டும். பத்து விநாடி பொறுத்த பிறகும் கரகரவென்று கத்துமானால் அந்தத் தண்டு ஓயவில்லை, கிளட்ச் அதை விடவில்லை என்று நிர்ணயித்துவிடலாம். அன்றியும், சமதரையில், முன்னால் ஆளும் சுவரும் இல்லாத இடத்தில், முதல் கியரில் கிளட்சை அடிவரை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி தானாக முன்னே நகரப் பார்த்தால் அதுவும் அதே சாட்சி.

கிளட்ச் ஏன் விடுவதில்லை என்பதற்குப் பல காரணங்கள். மிக எளியதை முதலில் பார்ப்பதே புத்தி: பெடலுக்கு அடியில் இரட்டையாக விரித்த ரப்பர் மேட் சுருண்டு நின்று, பெடல் முழுத்தூரம் போகாமல் தடுப்பதுண்டு, இதைக் கண்டுபிடிக்கக் குனிந்து பார்த்தால் போதும். கேபிள் வைத்த கிளட்சானால், கேபிள் நாளடைவில் நீண்டு, பெடலின் முதல் பகுதி எதையும் இழுக்காமல் வெறுமையாகவே போகும். அல்லது கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, உறைக்குள் சிக்கிப் பெடல் கனத்துவிடும். பெடலுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெறும் அசைவு இருப்பது பல வண்டிகளில் முறைதான்; சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அது மிதமிஞ்சினால் கியர் விழாது. அறவே இல்லாமற்போனால் கிளட்ச் வழுக்கும், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேயும்.

என்னுடைய வண்டியில் இருந்தது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச். பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர், பிரேக்குக்கு ஊற்றும் அதே டாட் 3 அல்லது டாட் 4 திரவத்தைக் குழாய் வழியே தள்ள, கியர் பாக்ஸின் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. பெரியவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஸ்லேவ் சிலிண்டரின் வாயை மூடியிருந்த ரப்பர் உறையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல விலக்கினார். உறைக்குள் தேங்கியிருந்த திரவம், ஆறிப்போன டிகாக்‌ஷன் நிறத்தில், ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு, அவருடைய மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை ஓடியது. "இந்தாங்க உங்க கியர் பாக்ஸ்" என்று அவர் சொன்னபோதுதான் மலைமேல் நடந்தது எனக்கு விளங்கிற்று. உள்ளிருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து திரவம் கசிய, அது கசிந்த வழியே காற்றுப் புகுந்திருந்தது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். பெடல் முழுதும் போனாலும் அந்தப் பிரயாசையில் ஒரு பகுதி காற்றுக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விட்டது. கிளட்ச் பிளேட் விடுபடுவதற்கு வேண்டிய இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால், குமிழி திருடும் சிறு அளவே கியரை நிறுத்தப் போதுமானது. தொடர்ந்து மிதிக்கும்போது திரவம் கூடுதலாகத் தள்ளப்பட்டு அந்த இழப்பு தற்காலிகமாக ஈடாகிறது. இரண்டு மூன்று மிதியில் கியர் விழுந்தது என்றால் திரவக் கிளட்சில் காற்று அல்லது கசிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்றார் அவர்.

பரிகாரம் அரை நாளில் முடிந்தது. புதிய ரப்பர்களைப் பொருத்தி, திரவத்தை மாற்றியபின், ஏர் எடுக்கும் திருகில் ஒரு கண்ணாடி டியூபைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது திரவம் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவைத்தார். "மிதிங்க… பிடிச்சுக்குங்க… விடுங்க" என்று கீழிருந்து குரல் வரும். நான் மேலே மிதிப்பேன், பிடிப்பேன், விடுவேன். டியூபில் முதலில் நுரையும் குமிழியுமாக வந்து, பிறகு முத்துமுத்தாகக் குறைந்து, கடைசியில் தெளிந்த திரவம் மட்டும் ஓடியது. எல்லா வண்டியிலும் இவ்வளவு எளிதில் முடியும் என்று சொல்வதற்கில்லை. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டரையே, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் தண்டைச் சுற்றி வைத்துவிட்டிருப்பதால், அது கசிந்தால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். வளைந்துபோன கிளட்ச் பிளேட், உடைந்த பிரஷர் பிளேட் விரல்கள், துருப்பிடித்த தண்டு என்பனவும் இறக்கினால்தான் தெரியும். கடற்கரை ஊர்களில் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியிலும், 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்ததுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும், பிளேட் எஞ்சினின் ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டு அறவே விடாமல் போவதுண்டு.

எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி இறுக்கமாயிருந்தால் கிளட்ச் நிரபராதி. அப்போது கையிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் வழியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் குறுக்காக அமைந்த முன்சக்கர இழுப்பு வண்டிகளில், லிவரிலிருந்து இரண்டு கேபிள்கள் போகின்றன. ஒன்று எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்க, மற்றொன்று உள்ளே தள்ள. அவற்றின் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்தோ உடைந்தோ போனால், லிவர் கூழில் கரண்டி விட்டதுபோல் ஆடும். உறைக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால் இறுகும். பாக்ஸின் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, வெளியே தெரியும் நெம்புகோலைக் கையாலேயே அசைத்துப் பார்த்தால், குறை வெளியிலா உள்ளிலா என்பது உடனே தெரிந்துபோகும். ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போதும் விடும்போதும் மட்டும் கியர் மாட்டிக்கொள்கிறது என்றால், தேய்ந்த எஞ்சின் மவுண்டுகள் எஞ்சினைச் சாயவிட்டுக் கேபிள்களின் நேரைக் கெடுக்கின்றனவா என்றும் பார்ப்பது நல்லது.

குளிர்ந்த காலையில் மட்டும் முரண்டி, சில கிலோமீட்டர் ஓடியபின் இலகுவாகும் வண்டிகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சகஜம். இதன் காரணம் கியர் ஆயில். குளிரில் கெட்டியான எண்ணெய் சின்க்ரோ வளையத்தின் கீழிருந்து விரைவில் விலகாததால் அதன் பிடிப்புத் தாமதப்படுகிறது. 75டபிள்யூ-90 போட வேண்டிய இடத்தில் அதைவிடக் கெட்டியானதைப் போட்டால் இத்தொல்லை அதிகமாகும். ஆனால் கெட்டியைவிட முக்கியமானது வகை. ஜிஎல்-4 என்றும் ஜிஎல்-5 என்றும் டப்பாவின்மேல் எழுதியிருப்பதைக் கடைக்காரர்கூடச் சில சமயம் பொருட்படுத்துவதில்லை. எண்ணிக்கை பெரிதாயிருப்பதால் ஜிஎல்-5 உயர்ந்தது என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார். டிஃபரென்ஷியலின் கடுமையான அழுத்தத்துக்கென்று கந்தக, பாஸ்பரச் சேர்க்கை மிகுதியாகக் கலந்தது ஜிஎல்-5. அதனுடைய வழுக்கல் சின்க்ரோவின் உராய்வைக் குறைத்துவிடும், சேர்க்கையின் தன்மையைப் பொறுத்துப் பித்தளையை அரிக்கவும் கூடும். சில வண்டிகளுக்கு ஆட்டோமேடிக் கியருக்கான மெல்லிய எண்ணெயே விதி. 1959இல் வந்த இங்கிலாந்து மினி காரில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகவே பொதுவிதி என்று ஒன்றில்லை. வண்டியின் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதுதான் எண்ணெய்.

பழைய எண்ணெயை வடிக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு துளியை விரலில் வாங்கி வெயிலில் தேய்த்துப் பாருங்கள். பொன்துகள் போல மின்னினால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. வெள்ளித் துணுக்குகளாகத் தெரிந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கடைசியாக, ஒரே ஒரு கியர் மட்டும் படுத்துவது. மற்றவை ஒழுங்காயிருக்க, மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது மட்டும் கத்துகிறது என்று பலர் சொல்லக் கேட்கலாம். வேக வேற்றுமை மிகுந்த இடம் அதுவாகையால் இரண்டாவது கியரின் சின்க்ரோவே பெரும்பாலும் முதலில் தேய்கிறது. இங்கேதான் டபுள் கிளட்ச் பரீட்சை கை கொடுக்கிறது: பழைய டிரைவர்கள் செய்ததுபோல், நியூட்ரலில் கிளட்சை விட்டு எஞ்சினைச் சற்று முடுக்கி மறுபடி மிதித்துப் போட்டால், அதே கியர் ஓசையின்றி விழுமானால், வேகத்தைச் சமப்படுத்தும் வேலையை நம் கால் செய்துவிட்டது, செய்ய வேண்டிய வளையம் செய்யவில்லை என்று ருசுவாகிவிடும். அப்போது பாக்ஸை இறக்குவதில் ஆட்சேபம் வேண்டாம். இறக்கிய கூலியிலேயே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

சென்ற வருஷம் நண்பர் ஒருவரின் காருக்கு இப்படி நேர்ந்து, அதே பெரியவரிடம் கொண்டுபோனோம். எப்போதும் கியர் லிவரின் மேல் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டும் வழக்கம் நண்பருக்கு உண்டு. அந்தச் சிறு பாரம் ஃபோர்க்கை ஓயாமல் ஸ்லீவின்மேல் தேய்த்துக்கொண்டிருக்கும் என்று பெரியவர் அவரிடம் எடுத்துச் சொன்னார். பிறகு கழற்றிய இரண்டாவது கியரை மேசைமேல் நிறுத்தி, பழைய வளையத்தையும் புதியதையும் என் உள்ளங்கையில் வைத்தார். புதியதன் உட்புறத்தில் எண்ணெயை அறுத்து விலக்குவதற்காக வெட்டிய நுண்ணிய வரிகள், இசைத்தட்டின் வரிகளைப் போல் கூர்மையாக நகத்தில் தட்டின. பழையதில் அவை மழுங்கிக் கண்ணாடியாகியிருந்தன. பழையதைக் கூம்பின்மேல் அமுக்கித் திருப்பச் சொன்னார். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. புதியதை அதேபோல் அமுக்கித் திருப்பினேன். விரல்தான் வழுக்கியது, வளையம் அசையவில்லை.